ஒரு வீட்டில் இரண்டு பாசி

காலையில் எழுந்ததும் பாக்கியநாதன் செய்த முதல் வேலை, மீன் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்ததுதான். பல் விளக்கவில்லை, முகம் கழுவவில்லை. நேற்று மாலை அவ்வளவு நேரம் தேய்த்துவிட்ட இலைகளின் ஓரத்தில், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் பச்சையாகப் படர்ந்திருந்தது.

"வந்துட்டான்யா," என்றார். உடனே பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

புதிதாகச் செடி நட்ட தொட்டி அது. முதலில் பழுப்பாக ஒரு பொடி படிந்தது. துடைத்தார். அது போன கையோடு நூல் நூலாகப் பச்சை வந்தது. உருவி எடுத்தார். பிறகு வந்ததுதான் இந்தப் படலம். இலையில், கல்லில், மரக்கட்டையில், ஏன், மோட்டாரின் வாயிலும்கூட. எதற்கும் அடங்காத ஜாதி.

அந்த வீட்டில் இன்னொரு பாசியும் இருந்தது. அதற்கு ராஜ மரியாதை.

கூடத்தின் மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே கெட்டியான பச்சைத் தண்ணீர், சுற்றிலும் வெள்ளை விளக்குகள். மூச்சு ஜாடி என்று ஊரில் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பாசி. வெளிச்சத்தைத் தின்று ஆக்ஸிஜனைக் கக்கிக்கொண்டே இருக்கும். அது மெல்லிய குழாய் வழியாக அவர் மனைவி க்ளாராவின் மூக்குக்குப் போகும். பழைய பேட்டரிகளை உடைக்கும் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவள் க்ளாரா. அந்தத் தூசி அவள் நுரையீரல் இரண்டையும் இறுக்கிவிட்டிருந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஜாடி வந்தபின் சிலிண்டர் காலம் மலையேறிவிட்டது. வட சென்னையில் தெருவுக்கு இரண்டு வீட்டில் இந்த ஜாடி பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

குழாய் எட்டும் தூரம்தான் க்ளாராவின் உலகம். நாள் முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரை மறைக்கத்தான் பாக்கியநாதன் மீன் தொட்டி வைத்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்தவர். கைக்கு வேலை இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் இருந்த எல்லாக் கதவுகளின் திருகாணியையும் முடுக்கி முடித்துவிட்டார். முடுக்க வேறெதுவும் மிச்சமில்லாத நேரத்தில்தான் இந்தப் பாசி வந்து சேர்ந்தது.

"என்னங்க," என்றாள் க்ளாரா நாற்காலியிலிருந்து. "ஒரு பாசிக்கு லைட் போட்டு தாலாட்டுறீங்க. இன்னொரு பாசிய பிரஷ்ஷால அடிச்சு வெரட்டுறீங்க. அதுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தா என்னா நெனைக்கும்?"

"அது மருந்து. இது அழுக்கு."

"ரெண்டும் பச்சையாத்தான கீது?"

"உனக்கு எல்லாம் தமாஷு. செடியப் பாரு, மூச்சு முட்டி நிக்குது."

"கொஞ்ச நாள் கை வைக்காமத்தான் இருந்து பாருங்களேன்."

பாக்கியநாதனால் முடியாத ஒரே காரியம் அது. இடுப்பு உடைந்துபோன லிஃப்டைக்கூட அவர் சரிசெய்துவிடுவார். சும்மா இரு என்றால் சுருண்டுவிடுவார்.

வாரத்துக்கு ஒரு முறை, ஜாடிக் கம்பெனியிலிருந்து வசுந்தரா என்ற பெண் ஸ்கூட்டரில் வருவாள். ஜாடியில் பாசி அளவுக்கு மீறிப் பெருகிவிடும். மிகுதியை ஒரு நீளக் குழாயால் உறிஞ்சி வாளியில் எடுப்பாள். அதைச் சாக்கடையில் ஊற்றி, மேலே கொதிநீர் விட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அந்த ஒரு வேலையை மட்டும் க்ளாரா கேட்டு வாங்கிக்கொள்வாள். "வாளிய வெச்சிட்டுப் போ வசு, நான் பாத்துக்கறேன். உனக்கு எத்தினி வீடு கீதோ," என்பாள். பாக்கியநாதன் கீழே வரை போய் வசுந்தராவை அனுப்பிவிட்டு, அவளுடைய ஸ்கூட்டரின் டயரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார்.

பாசி போகிறபாடாக இல்லை. கடைசியில் ஒருநாள் கொளத்தூர் மீன் கடைத் தெருவுக்கு, ஜாபர் பாயின் கடைக்குப் போய் நின்றார்.

"புதுத் தொட்டின்னா பாசி வரத்தாண்ணே செய்யும்," என்றார் பாய், வலையில் குஞ்சு மீன்களைப் பிடித்தபடியே. "செடி வேர் புடிக்கற வரைக்கும் தொட்டியில இருக்கற சத்தெல்லாம் பாசிக்குத்தான். செடி தலையெடுத்துச்சுன்னா அதுவே பாசியப் பட்டினி போட்ரும். நீங்க டெய்லி கைய வுட்டு நோண்டிக்கினே இருந்தா செடி எப்பிடி வேர் புடிக்கும்?"

"லைட்டக் கொறச்சாச்சு பாய். கம்பளிய போத்தி நாள்கணக்குல இருட்டுல போட்டாச்சு. தண்ணி மாத்தி மாத்தி கை ஓஞ்சு போச்சு. எறா வுட்டேன், நத்தை வுட்டேன். அதுங்களும் இத தொட மாட்டேங்குதுங்க."

பாய் நிமிர்ந்தார். "எறா திங்காத பாசியா? அப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்லியே."

"எங்க வூட்டுக்கு வா, காட்றேன்."

கடையின் மூலையில் ஒரு தொட்டி இருந்தது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு தெளிவு. இலைகள் கழுவித் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. பாக்கியநாதன் அதையே பார்த்தார்.

"அதுவா?" பாய் குரலைத் தாழ்த்தினார். "துறைமுகத்துல வேல செய்யற ஒருத்தர் கொண்டாந்த பிழி. வெளிநாட்டுல ஏதோ உசுருள்ள மருந்து போட்ட தொட்டியிலேர்ந்து எடுத்ததாம். ஒரு வாட்டி உள்ள பூந்துச்சுன்னா பாசி அண்டாது. செடிக்கு ஒண்ணும் ஆவல, மீனுக்கும் ஆவல. இருந்தாலும் எனக்கே உள்ளுக்குள்ள ஒரு இது. அதான் ஒருத்தருக்கும் குடுக்கல."

பிழி என்பது மீன்காரர்களின் வழக்கம். புதுத் தொட்டி வைப்பவன், ஓடித் தேர்ந்த தொட்டி வைத்திருப்பவனிடம் போய் "ஒரு பிழி குடுங்க" என்பான். அவன் தன் ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து ஒரு கவரில் பிழிந்து கொடுப்பான். பார்க்க அழுக்குத் தண்ணீர். உள்ளே நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில். பாலுக்கு உறைமோர் மாதிரி அது புதுத் தொட்டியைத் தேற்றிவிடும். பிழிக்குக் காசு வாங்கக் கூடாது. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லவும் கூடாது. எப்போது யார் வைத்த சட்டம் என்று தெரியாது, ஆனால் அந்தத் தெருவில் அதை மீறியவன் கிடையாது.

"பாய்," என்றார் பாக்கியநாதன். "ஒரு பிழி குடு."

ஜாபர் பாய் வலையைக் கீழே வைத்தார். "கேட்டுட்டீங்களேண்ணே," என்று சொல்லிவிட்டு ஸ்பாஞ்சை எடுக்கப் போனார்.

மறுநாள் மாலைக்குள் பாசி வெளிறியது. அடுத்த நாள் கண்ணாடியிலிருந்து தோல் உரிவது போல் உரிந்து விழுந்தது. அதற்கடுத்த நாள் தொட்டி பளிங்காக நின்றது. பாக்கியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. சின்னச் சின்ன நீல மீன்கள் செடிகளுக்கு நடுவே திரிவதைச் சுட்டிக்காட்டி, "பாத்தியா? பாத்தியா?" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

க்ளாரா சிரிக்கவில்லை. "எல்லாமே போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு பொட்டு இல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் ஜெயித்தது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று பாக்கியநாதன் நினைத்துக்கொண்டார். ஜெயித்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது.

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஜாடியில் தண்ணீர் இறங்கிவிட்டது. அதற்கென்று கம்பெனி தரும் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் வந்து சேரவில்லை. குழாயைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் நெடி. மீன் வளர்ப்பவனுக்கு அந்த நெடி எமன். அவன் குழாய்த் தண்ணீரை நம்பமாட்டான்; ஊறிப் பழகிய தொட்டித் தண்ணீரைத்தான் நம்புவான். எதிரே அவருடைய தொட்டியில் அப்படிப்பட்ட தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. க்ளாரா மதியம் கண்ணயர்ந்த நேரத்தில், பாக்கியநாதன் ஜாடியின் மூடியைத் திறந்து அதிலிருந்து மொண்டு ஊற்றினார். நல்ல காரியம் செய்த திருப்தியுடன் மூடியை முடுக்கினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதும்போது ஆண்டிக்கும் இதே திருப்திதான் இருந்திருக்கும்.

முருங்கைக்கீரை நிறத்தில் இருந்த ஜாடி, வேகவைத்த முட்டைக்கோஸ் நிறத்துக்கு வந்தது. க்ளாராவுக்குப் பேச்சு நடுவே நடுவே அறுந்தது. வசுந்தராவுக்குப் போன் செய்தார்கள். அவள் ஓடிவந்து, தன் குழாயை விட்டுக் கெட்டதையெல்லாம் உறிஞ்சி எடுத்து, புதுப் பாசியை ஊற்றினாள். "சில சமயம் இப்பிடி ஆவும் சார், பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். புதுப் பாசியும் வெளுத்தது. ஜாடி அரிசி களைந்த தண்ணீர் போல ஆனதும் அலாரம் கத்தத் தொடங்கியது.

கம்பெனி ஒரு சிலிண்டர் அனுப்பியது. எங்கேயோ கிடங்கில் துரு ஏறிக் கிடந்தது. பாக்கியநாதன் அதன் அளவு காட்டும் முள்ளைப் பார்ப்பார், ஜாடியைப் பார்ப்பார், க்ளாராவின் உதட்டு நிறத்தைப் பார்ப்பார், மறுபடி முள்ளைப் பார்ப்பார். உட்காரமாட்டார். இரண்டு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டார். இரண்டிலும் ஒரே பதில்: கட்டில் இல்லை, ஜாடிக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள்.

எல்லாரும் என்றால்?

வசுந்தரா ஒரு மத்தியானம் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது தெரு குப்புராஜ் டெய்லர் காலையில போய்ட்டாரு சார்," என்றாள்.

க்ளாரா சிலுவைக் குறி போட்டாள். அவளுடைய ஜாக்கெட் எல்லாம் தைத்தவர் அவர்தான்.

"என்னாம்மா ஆவுது? என்னாதான் இது?" என்றார் பாக்கியநாதன்.

"கண்டுபுடிச்சிட்டாங்க சார். மீன் தொட்டிக்குன்னு வெளிநாட்டுல யாரோ பண்ண பாசி மருந்தாம். மருந்துன்னா பொடி இல்ல, வைரஸ். பாசிய மட்டும் தேடித் தேடிக் கொல்லும். வேல முடிஞ்சதும் தானா செத்துரும்னு சொல்லி வித்தாங்களாம். சாவல. நம்ம கம்பெனிப் பாசி எல்லாம் ஒரே விதை சார். எல்லா வீட்லயும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே பாசி. மாறவே மாறாது, அதான் அதோட பெருமைன்னு எங்களுக்கு டிரெய்னிங்ல சொல்லுவாங்க. ஒண்ணு செத்தா அத்தனையும் சாவும்னு யாரும் சொல்லல."

"புது விதை பண்ணலாம்ல?"

"பண்ணுவாங்க. மாசக்கணக்குல ஆவுமாம்." அவள் தன் பையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "எனக்கு வேற ஒண்ணுதான் சார் மண்டைய கொடையுது. மீன் தொட்டியில இருக்கற கிருமி, மூடி போட்ட ஜாடிக்குள்ள எப்பிடி வந்துச்சு? எங்க ஏரியாவுல மொதல்ல வெளுத்தது உங்க ஜாடிதான். அன்னிக்கு இங்க முடிச்சிட்டு, இதே குழாயோடதான் டெய்லர் வூட்டுக்குப் போனேன். கழுவிட்டுத்தான் சார் போனேன். சத்தியமா கழுவுனேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பாக்கியநாதன் தொட்டியைப் பார்த்தார். நீல மீன்கள் பளிங்குத் தண்ணீரில் திரும்பித் திரும்பி ஓடின. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அந்தப் பெண் தன் தலையில் இதைச் சுமந்துகொண்டு போய்விடுவாள், யாருக்கும் தெரியாது. ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததற்கே கூசியது.

"நீ அழாத," என்றார். "நான்தான். அந்த மருந்து போட்ட தண்ணிய பாய் கடையிலேர்ந்து வாங்கியாந்து தொட்டியில ஊத்தினேன். அந்தத் தொட்டித் தண்ணியத்தான் ஜாடியில ஊத்தினேன். நல்ல தண்ணின்னு நெனச்சு ஊத்தினேன்."

வசுந்தரா அவரையே பார்த்தாள். அலாரத்தை எப்போதோ அணைத்துவிட்டார்கள். சிலிண்டர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. பாக்கியநாதனுக்கு க்ளாராவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளுக்காக வேலையை விட்டு வந்தவன், அவள் மூச்சைத் தன் கையாலேயே மொண்டு ஊற்றி அணைத்திருக்கிறான்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் க்ளாரா. விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "அந்த வாளி... நான் சாக்கடையில ஊத்தல."

"எந்த வாளி?"

"வசு வாரா வாரம் எடுத்து வெப்பாளே. வாரம் பூரா எனக்கு மூச்சு குடுத்தது. அத சாக்கடையில ஊத்தி, மேல வெந்நி ஊத்தச் சொன்னா... மனசு வரலிங்க. நீங்க இவள அனுப்பக் கீழ போவீங்க இல்ல... அப்ப ஒரு டம்ளர் உங்க தொட்டியில ஊத்திருவேன். மிச்சத்த ஜன்னலாண்ட இருக்கற ரோஜாச் செடிக்கு."

பாக்கியநாதனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "எப்பலேர்ந்து?"

"தொட்டி வெச்ச நாள்லேர்ந்து."

"அப்ப, எறா திங்காத பாசி... நான் ராவு பகலா தேய்ச்சேனே..."

"அது என்னுதுதான்."

"ஏண்டி சொல்லல? பாத்துக்கினேதான உக்காந்திருந்த?"

"சொல்லியிருப்பேன். ஆனா..." அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "உங்களுக்கு என் நோவோட சண்ட போட முடியல. அந்தப் பாசியோட சண்ட போட்டுக்கினு இருந்தப்பதான் கொஞ்சம் நல்லா இருந்தீங்க."

அந்த மனிதர் அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் க்ளாரா அதைப் பார்த்ததில்லை.

வசுந்தரா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியை நோக்கிப் போனாள். "சார், இதுல எங்கயாவது கொஞ்சம் மிச்சம் இருக்குதா? ஒரு துளி?"

"ஒரு பொட்டு வுடாம செத்துப் போச்சும்மா."

"ஜாடியில இருக்கறது சுகமா வளந்த பாசி சார், மாறாது. இது அப்பிடி இல்ல. இருட்டுல போட்டீங்க, பட்டினி போட்டீங்க, டெய்லி தேய்ச்சு எடுத்தீங்க. அதுக்கெல்லாம் தப்பிச்சுத் தப்பிச்சு வந்தது கொஞ்சம் வேற மாதிரி ஆயிருக்கும். ஆயிரத்துல ஒண்ணு இந்த வைரஸ்ஸுக்கும் தப்பிச்சிருந்தா..."

அவள் முடிப்பதற்குள் பாக்கியநாதன் டார்ச்சை எடுத்துவிட்டார். இலை இலையாகப் பார்த்தார். கல்லைப் புரட்டினார். பளிங்குத் தொட்டி, இத்தனை நாள் அவர் கேட்ட பளிங்கு. எவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறேன் என்று தன் கையையே சபித்தார். கடைசியில் மரக்கட்டையைத் தூக்கி அடியைத் திருப்பினார். பிரஷ் போகாத ஒரு வெடிப்பு. அதனுள்ளே, சுண்டுவிரல் நகத்தளவு, பச்சை.

வெளிறாத பச்சை. அதன்மேல் பொடிப் பொடியாக நீர்க்குமிழிகள் முளைத்து நின்றன. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அதைச் சுரண்டி எடுக்க அவர் கை பழக்கத்தில் எதையோ தேடி எடுத்தது.

"மொதல்ல அந்தப் பிரஷ்ஷக் கீழ வைங்க," என்றாள் க்ளாரா.

மரக்கட்டையை அப்படியே ஜாடிக்குள் இறக்கினார்கள். விளக்குகள் எரிந்தன. பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. உலகத்திலேயே பாக்கியநாதனுக்குத் தரக்கூடிய மிகக் கொடிய தண்டனை அதுதான். கொஞ்சம் கலக்கிவிட்டால் என்ன, விளக்கை இன்னும் கிட்டே நகர்த்தினால் என்ன என்று எழுந்து எழுந்து போனார். எவ்வளவு குறைத்துத் திறந்து வைத்தும் சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. ஜாடி அரிசித் தண்ணீராகவே நின்றது.

"இப்பிடி வந்து பக்கத்துல உக்காருங்க," என்றாள் க்ளாரா.

"முள்ளு செவப்புக்கு வந்துருச்சு க்ளாரா."

"நீங்க நடந்தா அது ஏறிடுமா? உக்காருங்க. பதறுன காரியம் செதறும்."

உட்கார்ந்தார். கைகளை நம்ப முடியாமல் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி இருந்தது அவருக்கே. அவள் தன் கையை அவர் முழங்கால்மேல் வைத்தாள். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. அவர் அந்த விரல்களையே பார்த்தபடி இருந்தார். எத்தனையோ லிஃப்டுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தவர். உள்ளே மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே யாரோ வேலை செய்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு கிடப்பான்.

பாசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. முதலில் வெடிப்பைச் சுற்றி ஒரு புகை மாதிரி. பிறகு கட்டை முழுக்க. பிறகு, சிலிண்டர் தீரப்போகும் ஒரு காலையில் ஜாடி, வாழைக்குருத்து நிறத்தில் மொத்தமாக நின்றது. பாக்கியநாதன் சிலிண்டரின் குழாயைக் கழற்றி ஜாடியின் குழாயை மாட்டினார். க்ளாரா மூச்சை இழுத்தாள். விட்டாள். இன்னொரு முறை இழுத்தாள். "கொஞ்சம் மீன் வாட அடிக்குது," என்றாள்.

சேதி கேட்டு வசுந்தரா வந்தபோது, அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி ஆபீஸ். கம்பெனியின் முத்திரை விதை அல்லாத எந்தப் பாசி ஜாடியில் இருந்தாலும் அதைக் கொதிநீர் விட்டு அழித்து, ஜாடிக்குச் சீல் வைக்க வேண்டும் என்று உத்தரவு. அவள் வாழைக்குருத்துப் பச்சையைப் பார்த்தபடியே போனை எடுத்தாள்.

"ஆமா சார். கொளத்தூர்லதான் இருக்கேன். எல்லா வூட்லயும் வெள்ளையாத்தான் சார் இருக்குது. ஒண்ணுமில்ல. சரி சார்." போனைப் பையில் போட்டாள். அதே பையிலிருந்து குழாயை எடுத்தாள். பாக்கியநாதனைப் பார்த்தாள், எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மீன் கடைத் தெருவுல இதுக்கு ஒரு வார்த்த இருக்குதும்மா," என்றார் அவர். "ஒரு பிழி குடுங்கன்னு கேக்கணும். கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது."

"ஒரு பிழி குடுங்க சார்," என்றாள் வசுந்தரா.

அவர் க்ளாராவைத் திரும்பிப் பார்த்தார். கொடுக்க வேண்டியவள் அவள்தானே. க்ளாரா தலையை ஆட்டினாள்.

எந்தக் குழாய் வீடு வீடாகச் சாவைக் கொண்டுபோனதோ, அதே குழாய் அன்றைக்குப் பிழியைக் கொண்டுபோனது. ஜாபர் பாய், தான் கொடுத்த பிழி செய்த வேலை தெரிந்து இழுத்து மூடியிருந்த கடையைத் திறந்து, பத்துப் பன்னிரண்டு தொட்டிகளில் அந்தப் பாசியை வளர்த்தார். மீன்காரர்கள் கவர் கவராக வாங்கிக்கொண்டு பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் தண்டையார்பேட்டைக்கும் போனார்கள். கம்பெனி முதலில் திருட்டு என்றது, பிறகு ஆபத்து என்றது, பிறகு தன்னுடைய கண்டுபிடிப்பு என்றது. அதற்குள் பாதி வட சென்னை அதைத்தான் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

குப்புராஜ் டெய்லரின் வீட்டுக்கு பாக்கியநாதன் போனார். அவர் மகள் கதவைத் திறந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சிறிது நேரம் அங்கேயே நின்றார். அது முடுக்கிச் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை. இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் நடந்து போகிறார். சுற்றுவழி ஒன்று இருக்கிறது, அதில் போவதில்லை.

வீட்டுத் தொட்டி முழுக்கப் பச்சையாகிவிட்டது. மீன்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியாது. தீனி போட்டால் மட்டும் ஒரு நீலக்கோடு மேலே வந்து மறையும். பாக்கியநாதன் அதன் எதிரே க்ளாராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கை பரபரக்கும். தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் மாலை, அடுத்த தெருவிலிருந்து ஒரு ஆள் தேடிக்கொண்டு வந்தான். கையில் கவர் எதுவும் இல்லை. பிழிக்கு வரவில்லை போலிருக்கிறது.

"அண்ணே, உங்களுக்குத் தொட்டி பத்தி நல்லாத் தெரியும்னு பாய் சொன்னாரு. என் சம்சாரத்துக்காகப் புதுசா செடித் தொட்டி வெச்சேன். ஒரே பாசிண்ணே. எத்தினி தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது. எறாகூட திங்கல. என்னாண்ணே பண்றது?"

பாக்கியநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் சட்டைப் பையில் ஒரு பழைய பல் பிரஷ் எட்டிப் பார்த்தது.

"உன் சம்சாரத்துக்கு ஒடம்புக்கு என்னா?"

"மூச்சு ஜாடியில இருக்காண்ணே. ஏன்?"

"மொதல்ல வூட்டுக்குப் போயி, அது யாரோட பாசின்னு அவங்கள கேளு," என்றார் பாக்கியநாதன். "கேக்கற வரைக்கும் கை வைக்காத."

நாற்காலியிலிருந்து க்ளாரா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் எங்கும் அறுபடாமல் கடைசிவரை வந்தது. வந்தவன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.